சுக்கோத்: ஜெருசலேமின் ஓலைக் கூரைகள்

யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நோன்பு முடிந்த இரவிலேயே ஜெருசலேமின் மாடிகளிலும் முற்றங்களிலும் சுத்தியல் ஓசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதத்தின் 10ஆம் நாள் நோன்பு; 15ஆம் நாள் சுக்கோத் என்னும் கூடாரப் பெருவிழா. அதற்குள் ‘சுக்கா’ எனப்படும் குடிலைக் கட்டி முடித்துவிட வேண்டும். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்ட முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் தங்கியதை நினைவுகூர்ந்து, ஏழு நாட்கள் குடிலில் வசிக்குமாறு லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது.

சுவர்களைப் பற்றிச் சமய விதிகள் அதிகம் கவலைப்படுவதில்லை. பலகை, துணி, தகரம் எதுவும் போதும். கண்டிப்பெல்லாம் கூரையில்தான். மண்ணில் விளைந்து, வெட்டி எடுக்கப்பட்ட ஓலையோ கிளையோ மூங்கிலோ மட்டுமே அதில் இடம்பெறலாம். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆயினும் இரவில் விண்மீன்கள் தெரியும் அளவுக்கு இடைவெளி இருப்பது சிறப்பு. மரத்தடியிலோ மேல்மாடத்தின் கீழோ கட்டிய குடில் செல்லாது என்பதால், ஒவ்வொரு வீட்டின் மாடத்துக்கும் திறந்த வானம் கிடைக்கும்படி ஒன்றைவிட்டு ஒன்று விலக்கிக் கட்டப்பட்ட அடுக்ககங்களை இந்நகரில் காணலாம். ஒழுகக்கூடிய கூரைக்கு இத்தனை சட்டம் வகுத்த சமூகம் எனக்குப் பெருவியப்பளித்தது.

ஜெருசலேமின் மஹனே யெஹூதா சந்தையில் எத்ரோக் வாங்குவோரைப் பார்ப்பதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்கலாம். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த, தடித்த தோலுடைய இப்பழத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, நுனிப் பகுதியில் ஒரு கரும்புள்ளியேனும் தென்படுகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சில பழங்களின் நுனியில் நிற்கும் சிறு காம்பு முறிந்துவிட்டால் அப்பழம் சடங்குக்கு உதவாது. எலுமிச்சையோடு ஒட்டுப்போட்ட மரத்தின் பழமும் விலக்கப்பட்டதே. விரியாத பேரீச்சங்குருத்து ஒன்று, மிர்ட்டில் கிளைகள் மூன்று, வில்லோ கிளைகள் இரண்டு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, எத்ரோக்குடன் கையில் ஏந்தி, நான்கு திசைகளிலும் மேலும் கீழும் அசைக்கிறார்கள். எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு. வில்லோவுக்கு இரண்டும் இல்லை. சுவை கல்வியையும் மணம் நற்செயலையும் குறிப்பதால், இரண்டும் உடையோரும் இரண்டும் இல்லாதோரும் ஒரே கட்டில் இணைகிறார்கள் என்பது மித்ராஷ் எனப்படும் பழைய யூத மறைநூல் உரையின் விளக்கம்.

விடுதிக்கு அருகில் வசித்த ஒரு குடும்பத்தார் இரவு உணவுக்கு அழைத்திருந்தனர். ஆபிரகாம் தொடங்கி தாவீது வரையிலான ஏழு முன்னோரை நாளுக்கொருவராக முதன்மை விருந்தினராய் வரவேற்பது மரபு. தேனில் தோய்த்த ரொட்டியை உண்டுகொண்டிருக்கையில், கூரையிலிருந்து உதிர்ந்த ஓலைத்துணுக்கு ஒன்று என் சூப்பில் விழுந்தது. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குள் போகலாம், ஆனால் அது நற்குறி அன்று என்றார் வீட்டுப் பெரியவர்: ஊழியன் நீட்டிய கிண்ணத்து நீரை எசமானர் அவன் முகத்திலேயே ஊற்றியதற்கு இணையாக அதை மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு கருதுகிறதாம்.

ஆகவே மழையைத் தருபவன் என்று இறைவனைப் போற்றுவதே எட்டாம் நாளில்தான் தொடங்குகிறது. மழை வேண்டும் என்று நேரடியாகக் கேட்பதை இஸ்ரேலில் மேலும் இரு வாரங்கள் தள்ளிவைக்கிறார்கள். ஜெருசலேமில் யூத ஆலயம் இருந்த காலத்தில் விழாவுக்கு வந்த கடைசி யாத்திரிகரும் நனையாமல் யூப்ரடீஸ் ஆற்றை அடைவதற்காக வகுக்கப்பட்ட அந்த அவகாசம் இன்றும் வழிபாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது.