புல்லட்ட குட்டியானையில ஏத்தி மதுரை கொண்டு போனது

போன தடவ சென்னையில இருந்து கோயம்புத்தூர் மாறினப்போ என் புல்லட்ட, ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, ஒரு பேக்கர்ஸ் கம்பெனிகிட்ட குடுத்தேன், பேர் வேண்டாம். ஒன்பது நாள் கழிச்சு வந்துச்சு. பக்கத்துல நின்ன ஏதோ ஒரு வண்டியோட லீவர் குத்தி டேங்க்ல பள்ளம், ஒரு கண்ணாடி உடைஞ்சு போச்சு. அதக்கூட விட்டுடலாம், ஒரு வாரத்துல முன் டயர பிடிச்சிருக்கற ஷாக் குழாய், ஃபோர்க்னு சொல்லுவாங்க, அது ரெண்டுலயும் ஆயில் கசிய ஆரம்பிச்சிருச்சு. மெக்கானிக் பார்த்துட்டு, "கயிறு போட்டு அடி வரைக்கும் அமுக்கி கட்டி நாள் கணக்கா அப்படியே போட்டு வச்சிருக்காங்க தம்பி, ஆயில பிடிச்சு வைக்கற சீல் போயிருச்சு"ன்னார். 2014ல சம்பளத்துல சேத்து வச்சு வாங்குன வண்டி. அன்னிக்கு எனக்கு வந்த கோவமும் அழுகையும் இன்னும் மறக்கல.

அதனால இந்த தடவ மதுரைக்கு வீடு மாறும்போது யார்கிட்டயும் குடுத்து விடுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். ஓட்டிட்டே போயிருப்பேன், 220 கிலோமீட்டர் பக்கம் தான் வரும், ஆனா மணிக்கட்டுல பிளேட் வச்சு ரெண்டு மாசம் கூட ஆகல, டாக்டர் வண்டிய தொடவே கூடாதுன்னுட்டார். ரயில் பார்சலும் யோசிச்சேன். பெட்ரோல சுத்தமா வடிக்கணும், சாக்கு சுத்தி பேக் பண்ணணும், ஆர்சி காப்பி ஐடி காப்பி எல்லாம் குடுக்கணும், அதெல்லாம் செஞ்சிரலாம், ஆனா பார்சல் பெட்டிக்குள்ள எப்படி நிக்க வைக்கறாங்க, பக்கத்துல என்ன அடுக்கறாங்கன்னு நாம பார்க்க முடியாது. என் கண்ணு முன்னாடி கட்டணும், அது தான் எனக்கு வேணும்.

எப்படி கட்டறதுன்னு நான் கத்துக்கிட்டது செட்டிபாளையத்துல, கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ரேஸ் பார்க்க போனப்போ. ரேஸ் வண்டிய ரோட்டுல ஓட்டிட்டு வர முடியாது, எல்லாம் வேன்ல தான் வரும். ஒரு வேன் பின்கதவ திறந்தாங்க, உள்ள மூணு வண்டி, ஒண்ணுலயும் ஸ்டாண்டே கிடையாது, கழட்டிருவாங்க இல்ல, ஆனா மூணும் சிலை மாதிரி நேரா நிக்குது. அப்போ தான் எனக்கு உறைச்சுது, ஸ்டாண்டுக்கும் வண்டி ஏத்திட்டு போறதுக்கும் சம்பந்தமே இல்ல. வண்டி அதோட ரெண்டு டயர்ல நிக்கணும், முன் ஃபோர்க்க கொஞ்சம் அமுக்கி நாலு பக்கமும் பெல்ட்டு இழுத்து பிடிக்கணும், அவ்ளோ தான் விஷயம்.

நாங்க எல்லாம் என்ன பண்றோம், சைடு ஸ்டாண்ட் போட்டு சாச்சு வச்சு கயிறு கட்டறோம். கயித்த இழுக்க இழுக்க அந்த பாரம் முழுக்க அந்த சின்ன ஸ்டாண்ட் மேலயும் அது ஃபிரேம்ல பத்த வச்சிருக்கற இடத்துலயும் தான் இறங்குது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அங்க ஒரு அடி. சென்டர் ஸ்டாண்டும் அதே கதை தான், பின் டயர் தரையில படாம தொங்குது, பெருசா ஒரு பள்ளத்துல விழுந்தா வண்டி முன்னாடி நகந்து ஸ்டாண்ட் மடங்கிரும், அப்புறம் எந்த கயிறும் நிக்காது.

குட்டியானை, அதான் டாடா ஏஸ் வேன், பிடிச்சேன். அதோட பின் தொட்டி ஏழு அடிக்கு கொஞ்சம் மேல, 2.2 மீட்டர், கிளாசிக் 350யும் கிட்டத்தட்ட அதே நீளம், அதனால முன் டயர ஒரு மூலையில முட்ட வச்சு லேசா கோணலா நிறுத்துனா தான் பின்கதவு மூடும். இடம் தாராளமா வேணும்னா அசோக் லேலண்ட் தோஸ்த் இல்ல பொலேரோ பிக்கப் மாதிரி பெரிய வண்டி எடுத்துக்கங்க, காசு கூட ஆகும்.

டிரைவர் அண்ணன் வந்ததும் தேங்கா நார் கயித்த எடுத்தார். "அண்ணே கயிறு வேண்டாம், பெல்ட் வாங்கி வச்சிருக்கேன்"ன்னேன். "இருபது வருசமா கயிறு தான் தம்பி கட்டறேன், ஒண்ணும் ஆனதில்ல"ன்னார். அவர் முடிச்சு போடற விதம் நெஜமாவே அருமையா இருந்துச்சு, ஆனா கயிறு ஓட ஓட தொய்யும், அதுவும் நைலான் கயிறு இழுபட்டு இன்னும் சீக்கிரம் லூஸ் ஆகும், கைப்பிடிய ஆட்ட ஆட்ட கிளிக் கிளிக்னு இறுகற ராட்செட் பெல்ட்டு அந்தளவுக்கு தொய்யாது. "ஒரு தடவ இப்படி கட்டி பாருங்கண்ணே"ன்னு கெஞ்சுன மாதிரி கேட்டேன், சரின்னுட்டார், அதுக்கப்புறம் என்னய விட அவர் தான் ஆர்வமா நின்னார்.

ஏத்தறது தான் இதுல ஆபத்தான வேலை. தொட்டி தரையில இருந்து ரெண்டரை அடி உயரம்னு வைங்க, அஞ்சு அடி பலகை போட்டா 30 டிகிரி சரிவு, 190 கிலோவ அதுல தள்ளறது மலை ஏத்தற மாதிரி, எட்டு அடி பலகைனா 18 டிகிரி தான். நான் எட்டு அடியில ரெண்டு இன்ச் கனம் உள்ள பலகை வாடகைக்கு வாங்குனேன், அதுக்கு மேல வேன எங்க தெரு முனையில ரோடு மேடா இருக்கற இடத்துல ரிவர்ஸ் எடுக்க சொன்னேன், அதுலயே அரை அடி உயரம் குறைஞ்சுது. இன்னொண்ணு, தயவு செஞ்சு பலகைய தொட்டியோட சேத்து கட்டிருங்க. பின் டயர் ஏறும்போது பலகைய பின்னாடி உதைக்கும், கட்டலன்னா வழுக்கி விழும், வண்டியும் விழும், தள்றவன் கால் மேல விழும்.

மாமா பையன் இடது பக்கம் நின்னு ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச மெதுவா விட்டு வண்டிய அதோட இன்ஜின் பலத்துலயே ஏத்துனான், ஏறி உக்காந்து ஓட்டல, கூடவே நடந்தான். டிரைவர் அண்ணன் வலது பக்கம் பின் கேரியர பிடிச்சார், நேர் பின்னாடி யாரும் நிக்க கூடாதுன்னு கத்திட்டே இருந்தேன், கட்டு போட்ட கைய வச்சுக்கிட்டு என்னால முடிஞ்சது அது தான். பாதியில நின்னா இன்ஜின ஆஃப் பண்ணி கியர்லயே கிளட்ச விட்டுருங்க, பாரம் பின்னாடி இருக்கறதால பின் டயர் தான் பிடிக்கும், முன் பிரேக்க மட்டும் நம்புனா முன் டயர் பலகையில சறுக்கும்.

கட்டுறப்போ பெல்ட் கொக்கிய ஹேண்டில்ல மாட்டாதீங்க, ஹேண்டில் திரும்பும், வளையும். ஹெட்லைட்டுக்கு கீழ ரெண்டு ஃபோர்க்கையும் சேத்து பிடிச்சிருக்கற கிளாம்ப் இருக்கு பாருங்க, அங்க பழைய சீட் பெல்ட் துணிய வளையமா போட்டு அதுல கொக்கி, அப்படி போட்டா குரோம்லயும் கீறல் விழாது. அங்க இருந்து முன்னாடி ரெண்டு மூலைக்கும் சாய்வா கீழ இழுக்கணும். ஒரே பக்கம் முழுசா இழுக்காம இங்க ரெண்டு கிளிக் அங்க ரெண்டு கிளிக்னு மாத்தி மாத்தி. ஃபோர்க் ரெண்டு இன்ச் இறங்குச்சு, நிறுத்திட்டோம். முழுசா அமுக்குனா என் சீலுக்கு ஆன கதி தான், லூசா விட்டா பள்ளத்துல ஃபோர்க் இறங்கும்போது பெல்ட் தொய்ஞ்சு கொக்கி கழண்டுரும், அதுக்காக கொக்கி வாய டேப் போட்டு சுத்திட்டேன். பின்பக்கம் ரெண்டு பெல்ட்டு ஃபிரேம்ல, வால் ஆடாம இருக்க மட்டும். டேங்குக்கு கீழ இருக்கற பெட்ரோல் வால்வ ஆஃப் பண்ணியாச்சு, கார்புரேட்டர் வண்டிக்கு இத மறந்தா வழியில பெட்ரோல் ஒழுகலாம். டேங்க் மேல ஒரு பழைய போர்வை. எல்லா பக்கமும் போட்டோ எடுத்துக்கிட்டேன், ஏன்னா ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தா ரோட்டுலயோ ரயில்லயோ வண்டிய ஏத்திட்டு போகும்போது அடிபட்டாலும் கிளைம் உண்டு, தேர்ட் பார்ட்டி மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு கிடைக்காது, போன தடவ இது எனக்கு தெரியாம போச்சு.

பல்லடத்துல நிறுத்தி தொட்டு பார்த்தோம், இடது பெல்ட் ஒரு கிளிக் எடுத்துச்சு. எப்படி கட்டுனாலும் முதல் இருபது முப்பது கிலோமீட்டர்ல வண்டி கொஞ்சம் அமரும், அப்போ ஒரு தடவ இறுக்கிடணும். தாராபுரத்துல டீ குடிக்கும்போது பார்த்தோம், ஒட்டன்சத்திரத்துல பார்த்தோம், அசையவே இல்ல.

மதுரையில இறக்கறப்போ இருட்டிருச்சு, அவசரப்படாம பலகைய மறுபடி கட்டி, இன்ஜின் ஆஃப்ல ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்ச கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சு விட்டு பின்னாடியே இறக்குனோம். டிரைவர் அண்ணன் போறப்போ பெல்ட் எந்த கடையில வாங்குனீங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டார். நான் மறுநாள் காலையில முதல் வேலையா ஒரு வெள்ளை துணிய எடுத்துட்டு போய் ரெண்டு ஃபோர்க்கையும் துடைச்சு பார்த்தேன். வெறும் தூசி தான் இருந்துச்சு.