ஒலோத் சைக்கிள் நாட்குறிப்பு: எரிமலைகளுக்கு நடுவே சந்தடியில்லாத தார்ச்சாலைகள்

அக்டோபர் 21, திங்கள்

ஸ்பெயினில், கட்டலோனியாவின் கரோச்சா வட்டாரத்தில் சுமார் 40 எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன. 1982 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. பல ஆயிரம் ஆண்டுகளாக எதுவும் வாய் திறக்கவில்லை. எல்லாமே காடு மூடிய குன்றுகள். நடுவில் ஒலோத் ஊர், 443 மீட்டர் உயரத்தில். இங்கே சைக்கிள் மிதித்த நாட்களின் குறிப்பு இது.

திங்கட்கிழமை ஒலோத்தில் சந்தை நாள். ஊர் மையத்தைச் சுற்றி வேன்கள் நிற்கும், அதனால் மையத்தைத் தொடாமல் ஜிஐ-524 சாலையைப் பிடிப்பது நல்லது. சாந்தா பாவ் வரை 10 கி.மீ.கூட இல்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்துவிட்டு லேசான சாலை என்று கிளம்பினால் தொடை சொல்லும்.

காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. குரோஸ்கத் எரிமலையிலிருந்து வழிந்த லாவா, ஈரச் சதுப்பு நிலத்தின் மேல் பரவியது. அடியில் சிக்கிய நீர் ஆவியாகி, லாவாவை ஆங்காங்கே கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியது. இவற்றை இங்கே ‘தொசோல்’ என்கிறார்கள். சில 20 மீட்டருக்கு மேல் உயரம். இந்த மேட்டுப்பள்ளத்தில்தான் ஃபஜேதா தென் ஜோர்தா என்கிற பீச் மரக்காடு வளர்ந்திருக்கிறது. காட்டு ஓரமாகப் போகும் சாலையும் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். சராசரிச் சரிவு எண் இங்கே எதற்கும் உதவாது. ஒவ்வொரு இறக்கத்தின் கடைசியிலும், ஏற்றம் காலில் தட்டுப்படும் முன்பே இரண்டு பல் இலகுவான கியருக்கு வந்துவிட வேண்டும். மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கரகரக்கும், சில நேரம் கழன்றும் விழும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னே பெரிய பல்சக்கரத்தில் 32 பல் போதும்.

இன்னொன்று, தண்ணீர். மழை கொட்டுகிற ஊர் இது. ‘ஒலோத்தில் பெய்யாவிட்டால் எங்குமே பெய்யாது’ என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. அப்படியும் ஃபஜேதாவுக்குள் ஓர் ஓடைகூடக் கிடையாது, லாவா அத்தனையையும் குடித்துவிடுகிறது. பாட்டிலை ஒலோத்திலோ சாந்தா பாவிலோதான் நிரப்ப முடியும். குழாயின் மேல் ‘நோ பொதாப்ளா’ என்று எழுதியிருந்தால் அது குடிக்க ஆகாது.

அக்டோபர் 22, செவ்வாய்

இரவு மழை. காலையில் அதே சாலை, வேறு சாலை மாதிரி இருந்தது.

காட்டுத் தடங்கள் தாரைச் சந்திக்கும் இடங்களில் மழை ‘கிரேதா’வை அடித்துக்கொண்டு வந்து போடும். எரிமலை உமிழ்ந்த சரளை இது. கையில் எடுத்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி போல ஓட்டை ஓட்டையாக, எடையே இல்லாமல் இருக்கும். கறுப்பிலும் செங்கல் நிறத்திலும் கிடைக்கும். ஓட்டைகள் உடைந்த ஓரங்கள் கண்ணாடிச் சில்லு போலக் கூர்மை. ஈர டயரில் ஒட்டிக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அதனால் கல் குத்திய இடத்திலேயே பஞ்சர் ஆகாது, அரைமணி கழித்து ஆகும். டியூபை மாற்றிவிட்டுக் கல்லை டயரிலேயே விட்டுவிட்டால் அடுத்த டியூபும் போகும். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்று தடவிப் பார்த்து, கல்லை வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்த பிறகே புது டியூப்.

70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் உலர்ந்த நாளில் காற்றழுத்தம் 70 பிஎஸ்ஐ, ஈரத்தில் 65. 32 மி.மீ. இருந்தால் 55 முதல் 60. இந்த வட்டாரத்துக்கு 32தான் எங்கள் தேர்வு. 25 மி.மீ. போட்டு வருபவர்கள் வேகத்தில் சம்பாதித்ததைப் பஞ்சர் ஒட்டுவதில் செலவழிக்கிறார்கள்.

சரளை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் குரோஸ்கத். 786 மீட்டர். கிரேதாவுக்காக அதன் பக்கவாட்டைக் கேக் வெட்டுவது போல வெட்டி எடுத்திருக்கிறார்கள். தோண்டுவது நின்றபின் அந்த வெட்டுமுகத்தை அப்படியே விட்டுவைத்ததால், வெடிப்பின் அடுக்குகள் வரிவரியாகத் தெரிகின்றன. எதிர்ப்பக்கம் சாந்தா மார்கரீதா எரிமலை. அதன் வாய்க்குள் புல்வெளி, புல்வெளி நடுவில் ஒரு சிறு தேவாலயம். இரண்டுக்கும் நடந்துதான் போக வேண்டும். க்ளீட் ஷூவோடு (அடியில் பெடலில் மாட்டும் கொக்கி உள்ளது) கிரேதாவில் நடந்தால் க்ளீட் இடுக்கில் சரளை அடைத்து, திரும்பி வந்து பெடலில் மாட்டாது. சைக்கிள் பூட்டும் ஒரு ஜோடி லேசான செருப்பும் பையில் இருக்கட்டும்.

அக்டோபர் 24, வியாழன்

வால் தென் பாஸ் பள்ளத்தாக்கும் பிராகோன்ஸ் கணவாயும்.

இந்த வட்டாரத்தில் அமைதியான சாலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: எங்கே சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்களோ, அதற்கு மேலே கிடக்கும் பழைய சாலையைத் தேடுவது. 2009-ல் சி-37 சாலையின் பிராகோன்ஸ் சுரங்கம் திறந்தது. தொரெல்யோ, விக் பக்கம் போகிற லாரிகளும் கார்களும் மலைக்குள் புகுந்துவிட்டன. ஜுவனேத்தஸ் வழியாக ஏறும் பழைய மலைச்சாலை மரநிழலோடு மிதிப்பவர்களுக்கு மிஞ்சியது. உச்சி 1,132 மீட்டர், பள்ளத்தாக்கிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் ஏற்றம். வளைவுகளின் உட்பக்கம் செங்குத்து. வண்டி வராத இடத்தில் வெளிவட்டமாக எடுத்தால் கால் பிழைக்கும்.

தப்பு நடப்பது இங்கேதான். வழிகாட்டிச் செயலியில் காருக்கான வழியைப் போட்டால் அது நேராகச் சி-37-க்குத் தள்ளும். சைக்கிள் வழி என்று தேர்ந்தெடுத்த பிறகும், திரையில் ‘ஜுவனேத்தஸ்’ பெயர் வருகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழே பள்ளத்தாக்கு தட்டை. ஒஸ்தாலெத்ஸ், எல் மயோல், ஜுவனேத்தஸ் மூன்றையும் சிறு சாலைகளால் கோத்தால் களைப்பில்லாத ஒரு காலை. மக்காச்சோள அறுவடைக் காலத்தில் டிராக்டர் சக்கரத்துச் சேறு தாரில் கிடக்கும், வளைவில் வழுக்கும். விடியலில் குளிர்காற்று அடியிலேயே தேங்கி மூடுபனி நிற்கும். ஒன்பது மணிக்குள் கிளம்பினால் பின்விளக்கு எரிந்தாக வேண்டும். கணவாய்க்குப் பாதி ஏறியதும் வெயில் அடிக்கும், இறங்கும்போது மறுபடி பனிக்குள். காற்றுத் தடுப்புச் சட்டையை உச்சியிலேயே போட்டுவிட வேண்டும். நடுவில் நிறுத்திப் போடலாம் என்று நினைத்தால், அதற்குள் விரல் மரத்து பிரேக் பிடிக்காது.

அக்டோபர் 25, வெள்ளி

கானெஸ் கணவாய், 1,120 மீட்டர். இதுவும் அதே கதைதான்: ரிப்போய் பக்கம் போகும் வண்டிகளைச் சி-26 சாலையின் காப்சாகொஸ்தா சுரங்கம் இழுத்துக்கொண்டது. பழைய தேசிய நெடுஞ்சாலை என்பதால் அகலம், சீரான ஏற்றம். ஒரே கியரில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறலாம். வார நாளில் மட்டும். விடுமுறை நாளில் வளைவுகளுக்காகவே மோட்டார் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள்.

ஒலோத்தில் ரயில் கிடையாது. இந்தக் கணவாயைத் தாண்டி இறங்கினால் ரிப்போய் நிலையம். அங்கிருந்து பார்சலோனாவுக்குப் பாதை இருக்கிறது. ஒருவழிப் பயணத்துக்கு இதைவிட நல்ல முடிவு இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

நேற்றிரவு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளினார்கள். இனி சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறையும். வால் தென் பாஸில் மேற்கே 1,515 மீட்டர் புய்க்சகால்ம் நிற்பதால் வெளிச்சம் அதற்கும் முன்னால் போய்விடும்.

இன்று ஜிஐ-524 பக்கமே போகக் கூடாது. பீச் இலை செம்பு நிறமாகும் வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை காட்டின் வாகன நிறுத்தங்கள் நிரம்பி, இடம் தேடும் கார்கள் சட்டென்று நின்று திரும்பும். கதவு திறக்கும். முந்துகிற வண்டி 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம்; நிறுத்தியிருக்கும் காரின் கதவுக்கு அது தெரியாது.

மாற்று வழி வடகிழக்கே. ஒலோத், சாந்த் ஜுவான் லெஸ் ஃபோன்ஸ், காஸ்தெல்ஃபுல்யித், பிறகு ஒய்ஷ். காஸ்தெல்ஃபுல்யித் ஊர் ஃபுளுவியா, தொரோனெல் ஆறுகளுக்கு நடுவே, 50 மீட்டர் உயர பசால்ட் பாறையின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. 2,17,000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு லாவா ஓட்டம், 1,92,000 ஆண்டுகளுக்கு முன்பு அதன் மேல் இன்னொன்று. ஆறுகள் இருபக்கமும் அறுத்தபின் மிஞ்சியது இந்தச் சுவர். ஊருக்குள் நின்றால் ஒன்றும் தெரியாது, ஆற்றங்கரைக்கு இறங்கிப் பார்க்க வேண்டும். ஏ-26 விரைவுச்சாலையின் அறிவிப்புப் பலகை எங்கே தென்பட்டாலும் எதிர்ப்பக்கம் திரும்புங்கள்.

ஒய்ஷ் சாலை குறுகியது. எந்தப் பெரிய ஊருக்கும் போகாததால் வண்டி வராது.

நவம்பர் 1, வெள்ளி

புனிதர் அனைவர் திருநாள், பொது விடுமுறை. தார்ச்சாலை எல்லாமே கூட்டம். இன்று கரிலெத் தடம்: 1969-ல் மூடிய குறுகிய ரயில் பாதையில் ஒலோத்திலிருந்து ஜிரோனாவரை சுமார் 57 கி.மீ., கெட்டித்த மண். பாஸ் கணவாயில் 620 மீட்டர் தொட்டு, பிறகு ஜிரோனாவரை பெரும்பாலும் இறக்கம். நீராவி எஞ்சின் ஏறிய பாதை, ஆகவே சரிவு எங்கும் முரட்டுத்தனம் இல்லை. 35 மி.மீ. டயர், 45 பிஎஸ்ஐ. நடப்பவர்கள் நிறைய, மணி வேண்டும். சாலைகளைக் கடக்கும் இடங்களில் தடுப்புக் கம்பம் இருக்கும். இலைக்குவியல் அதை மறைத்திருக்கலாம்.

வீடு திரும்பியதும் முதலில் பிரேக். ஈர இலைக்கூழோடு கிரேதாத் தூள் சேர்ந்தால் அரம் மாதிரி. ரிம் பிரேக் என்றால் ரப்பர் கட்டையைக் கழற்றி, ஊசிமுனையால் பதிந்த துகள்களைக் குத்தி எடுக்க வேண்டும். விட்டால் ரிம்மில் வட்டமாகக் கோடு விழும். டிஸ்க் என்றால் பேடின் தடிமன் பார்க்கவும். உராயும் பகுதி 1 மி.மீ. இருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான், பிராகோன்ஸ் மாதிரி நீண்ட இறக்கத்துக்கு அதை நம்ப முடியாது.