முதலில் விரல் பழகட்டும்

ஜூனில் எல்கேஜி. ஜனவரியிலேயே பெற்றோர் ஆரம்பித்துவிடுகிறார்கள், "மிஸ், பையனுக்கு இன்னும் ஏபிசிடி எழுத வரலையே?" என்று. மூன்று வயதில் பென்சில் பிடிக்க விரலில் வலு வேண்டாமா? களிமண் உருட்ட வைப்பதும் மணி கோக்க வைப்பதும் அதற்குத்தானே! மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையே 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கல்வி என்றுதான் சொல்கிறது. வீட்டில் கேட்டால்தானே.

எங்களுக்கு உண்மையான பாடு வேறு. ஒன்றுக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்லப் பழக்க வேண்டும். அப்புறம் சாப்பாடு. போன் பார்த்துக்கொண்டே ஊட்டி வாங்கிப் பழகிய ஒரு குட்டி, டப்பாவை முன்னால் வைத்துவிட்டு வாயை மட்டும் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டப்பா வாங்கும்போது பிள்ளையே திறக்கிற மூடியாகப் பார்த்து வாங்குங்கள். புண்ணியமாகப் போகும்.