டென்னிஸ் திடலில் நடந்த ஒத்திகை

நம் வரலாற்று ஆசிரியரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுபதுகளில் படித்தவர்களுக்கு அது தேவைப்படாது. கடைசிப் பாடவேளையில் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இனி வெளி உலகம்" என்று சொல்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்காகச் சொல்வதென்றால், இரவில் சிற்றலை வானொலியைக் காதோடு வைத்திருந்து, கேட்டதையெல்லாம் மறுநாள் எங்கள் தலையில் கொட்டுபவர். மறக்க முடியாத வகுப்பைப் பற்றி எழுதுங்கள் என்று நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு கேட்டதும் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

1977 ஜனவரியில் ஒருநாள் அவர் வகுப்புக்குள் வந்த வேகமே வேறாக இருந்தது. அமெரிக்காவின் புதிய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் பதவியேற்பு உரையைத் தொடங்கிய கையோடு, தன் பள்ளி ஆசிரியை மிஸ் ஜூலியா கோல்மனின் பெயரைச் சொல்லி, அந்த அம்மையார் அடிக்கடி சொல்லும் கருத்தொன்றையும் எடுத்துச் சொல்லியிருந்தார்: மாறும் காலத்துக்கு ஏற்ப நாம் மாறத்தான் வேண்டும், ஆனால் மாறாத கொள்கைகளை விட்டுவிடக் கூடாது. ஆசிரியர் மேசையைத் தட்டினார். "கேட்டீர்களா? உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில் நின்று ஒருவன் தன் பள்ளிக்கூட ஆசிரியையின் பெயரைச் சொல்கிறான்!" பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "சேர், நானும் ஜனாதிபதியானால் உங்கள் பெயரைச் சொல்வேன்" என்றான். "முதலில் தவணைப் பரீட்சையில் சித்தியடை, தம்பி" என்றார் அவர்.

அன்றிலிருந்து வாரக்கணக்கில் கார்ட்டரின் கதை ஓடியது. ஆசிரியரைக் கவர்ந்தது வெள்ளை மாளிகை அல்ல, அதற்கு முந்திய கடற்படைக் காலம். எங்களுக்கும் அதுதான் பிடித்தது. அவர் சொன்னதும், பிறகு நானாகத் தேடி வாசித்ததும் கலந்து இப்போது ஒரே கதையாகிவிட்டன. பிரித்தெடுக்க நான் முயலவில்லை.

கார்ட்டர் 1924 அக்டோபர் 1ஆம் தேதி ஜோர்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்த பண்ணை வீட்டில் மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. கடலுக்கு எட்டாத அந்த ஊரில் பையனுக்குக் கடலாசை காட்டியவர் தாய்மாமன் டாம் கோர்டி. அவர் கடற்படையில் வானொலித் தொடர்புப் பிரிவில் இருந்தார். போகும் துறைமுகங்களிலிருந்தெல்லாம் தபாலட்டை அனுப்புவார். பெரியவனானால் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று மருமகன் சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டார். தட்டைப் பாதம் உள்ளவர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று அறிந்ததும், கோக்கா கோலா போத்தல்களின் மேல் உள்ளங்காலை உருட்டி உருட்டி வளைவு வரவழைக்கப் பார்த்தாராம். இதைக் கேட்ட மறுநாள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வெற்றுச் சோடாப் போத்தல்மேல் ஏறி நின்றார்கள். ஒருவன் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். அவன் இன்று இங்கிலாந்தில் மருத்துவர்.

1943இல் அனாபொலிஸில் சேர்ந்தார். போர்க்காலம் என்பதால் நான்காண்டுப் படிப்பு மூன்றாண்டில் முடிந்தது. 1946 ஜூனில் அதிகாரியாக வெளியேறினார், ஜூலையில் ரோசலினை மணந்தார். அதற்குள் போர் முடிந்துவிட்டிருந்தது. பின்னர் நீர்மூழ்கிப் பிரிவைத் தேர்ந்தெடுத்தார்.

பொம்ஃப்ரெட் என்ற நீர்மூழ்கியில் பசிபிக் கடலில் போய்க்கொண்டிருந்தபோது புயல் பிடித்தது. அக்காலத்து நீர்மூழ்கிகள் மின்கலங்களை மின்னேற்ற நீரின்மேல் வந்தாக வேண்டும். அப்படி மேலே வந்திருந்த ஓர் இரவு, மேற்தளத்தில் காவல் நின்ற கார்ட்டரை ஒரு பேரலை அப்படியே தூக்கிக்கொண்டது. கம்பியைப் பிடித்திருந்த கை விடுபட்டது. காலுக்குக் கீழே கப்பல் இல்லை. அலை வடிந்தபோது பல அடி தள்ளிப் பின்னாலிருந்த பீரங்கிக் குழாயின்மேல் கிடந்தார், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அலை கொஞ்சம் சாய்வாக அடித்திருந்தால் கடலோடு போயிருப்பார். இந்த இடத்தில் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு மணியடிக்கும்வரை பெயர்ப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை எவனும் பள்ளிக்கு வராமல் இருக்கமாட்டான்.

பிறகு ரிக்கோவர். அணுசக்தி நீர்மூழ்கிகளின் தந்தை என்று சொல்லப்படும் ஹைமன் ரிக்கோவர் தன் திட்டத்துக்கு எடுக்கும் ஒவ்வோர் அதிகாரியையும் தானே நேர்முகம் காண்பார். அது நேர்முகத் தேர்வு என்பதைவிட விசாரணை எனலாம். உனக்குத் தெரிந்த விஷயங்களை நீயே சொல் என்பார். சொன்னதும் அவற்றிலேயே கேள்வி மேல் கேள்வி கேட்டு, ஒன்றும் தெரியாது என்பதை உனக்கே காட்டிவிடுவார். கார்ட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கல்லூரியில் எத்தனையாம் இடம் என்ற கேள்வி வந்தது. 820 பேரில் 59ஆம் இடம் என்று பெருமையோடு சொன்னார். பாராட்டு வரவில்லை. "உன்னால் முடிந்த அளவுக்கு முயன்றாயா?" ஆம் என்று சொல்ல வாயெடுத்தவர், நிதானித்து, "இல்லை ஐயா, எப்போதும் அப்படி முயன்றதில்லை" என்றார். "ஏன் முயலவில்லை?" என்று கேட்டுவிட்டு ரிக்கோவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அத்தோடு பேட்டி முடிந்தது. ஆள் எடுக்கப்பட்டார்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இனி வருவதுதான். 1952 டிசம்பர் 12ஆம் தேதி, கனடாவில் ஒட்டாவா நதிக்கரையிலுள்ள சோக் ரிவர் அணு ஆய்வு நிலையத்தில் என்.ஆர்.எக்ஸ். என்ற உலையின் உட்பகுதி ஓரளவு உருகிப்போனது. கதிர்வீச்சுக் கலந்த நீர் அடித்தளத்தில் தேங்கியது. சிதைந்த உலையைக் கழற்றி எடுக்க ஆள் வேண்டும். அணு உலை என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அன்றைய உலகில் மிகச் சிலர். அமெரிக்கக் கடற்படை அனுப்பிய குழுவொன்றுக்கு 28 வயது கார்ட்டர் தலைமை தாங்கிப் போனார்.

அருகிலிருந்த டென்னிஸ் திடலில் உலையின் மாதிரி ஒன்றை அப்படியே செய்து வைத்தார்கள். உள்ளே ஒருவர் தொண்ணூறு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, ஓராண்டுக்கு அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சு அந்த நேரத்திலேயே உடம்பில் ஏறிவிடும். ஆகவே திடலில் ஒத்திகை. எந்தச் சாவியை எடுப்பது, எந்தப் போல்ட்டை எத்தனை சுற்றில் கழற்றுவது, எவன் எந்தப் பக்கம் விலகுவது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, வெள்ளைக் காப்புடை அணிந்து உள்ளே இறங்கி, இயன்றதைக் கழற்றிவிட்டு ஓடிவருவார்கள். தொலைக்காட்சிக் கருவி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், உள்ளே ஒரு போல்ட் கழன்று வந்ததும் திடலில் உள்ள மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். அடுத்த குழு அந்த நிலையிலிருந்து ஒத்திகையைத் தொடங்கும். வேலை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் அவர்களுடைய சிறுநீரைச் சோதித்தார்கள். ஆறு மாதம் தன் சிறுநீரில் கதிரியக்கம் இருந்தது என்று கார்ட்டர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நம் சங்கத்தின் கனடாக் கிளை நண்பர்கள் 17ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே போனால் சோக் ரிவரைக் கடந்துதான் போக வேண்டும். எத்தனை பேர் இதை நினைத்திருப்பார்களோ தெரியாது.

1953 ஜூலையில் தகப்பனார் புற்றுநோயில் இறந்தார். அக்டோபரில் கார்ட்டர் கடற்படையை விட்டு விலகி, ஊர்த் தொழிலான வேர்க்கடலைக்கே திரும்பினார். ரோசலினுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஊர் திரும்பும் வழியில் கணவரோடு நேராகப் பேசாமல், மகன் மூலமாகவே, "அப்பாவை வண்டியை நிறுத்தச் சொல்" என்று சொல்லி அனுப்பினாராம். அந்த அம்மையாரின் கோபம் நியாயமானது என்பதுதான் என் கருத்து. ஊரில் அரசாங்கக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தார்கள். முதல் ஆண்டே வறட்சி வந்தது. கறுப்பினத்தவர்களுக்கு எதிரான வெள்ளையர் கழகத்தில் சேரச் சொல்லி ஊரார் வற்புறுத்தியபோது மறுத்ததால் வியாபாரத்திலும் அடி விழுந்தது.

1962இல் தன் 38ஆம் பிறந்த நாளில் மாநில மேலவைக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். குவிட்மன் என்ற மாவட்டத்தில் அப்பட்டமான மோசடி. இறந்தவர்கள் வாக்களித்திருந்தார்கள், பலர் அகரவரிசைப்படி வந்து வாக்களித்திருந்தார்கள்! அந்த அகரவரிசையை ஆசிரியர் சொன்னபோது எங்கள் வகுப்பு சிரித்து ஓய நேரமாயிற்று. கார்ட்டர் ஒவ்வொருவராகச் சாட்சி திரட்டி, வழக்காடி அந்த இடத்தை மீட்டார். 1966இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார், 1970இல் வென்றார். அந்த வெற்றி அவ்வளவு சுத்தமானதல்ல. இனப் பிரிவினையை விரும்பியவர்களின் வாக்கையும் குறிவைத்துத்தான் பிரசாரம் நடந்தது. பதவியேற்ற அன்றே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்து அவர்களுக்கு அதிர்ச்சி கொடுத்தார். ஆசிரியர் இரண்டாவதை மட்டும் சொன்னார். முதலாவதை நான் பின்னாளில்தான் வாசித்தேன்.

1961 முதல் 1981 வரை அமெரிக்காவை ஆண்ட கென்னடி, ஜோன்சன், நிக்சன், ஃபோர்ட், கார்ட்டர் ஐவருமே கடற்படைச் சீருடை அணிந்தவர்கள். ஆனால் அனாபொலிஸில் படித்து வந்தவர் கார்ட்டர் மட்டுமே. அந்த மாலுமிதான் செலவு கூடாது என்று ஜனாதிபதியின் உல்லாசப் படகான செக்கோயாவை 1977இலேயே விற்கச் செய்தார்.

அவருடைய ஆட்சியைப் பற்றி இங்கிலாந்து மருத்துவனுக்கும் எனக்கும் இன்றுவரை வாதம் தீரவில்லை. எல்லாவற்றையும் தானே சரிபார்க்கும் பழக்கம் ரிக்கோவரிடமிருந்து தொற்றியது, ஒரு நாட்டை அப்படி ஆள முடியாது என்பது அவன் கட்சி. வெள்ளை மாளிகை டென்னிஸ் திடலை யார் எப்போது பயன்படுத்தலாம் என்பதைக்கூட ஜனாதிபதியே தீர்மானித்தார் என்று அவருக்கு உரை எழுதிக் கொடுத்த ஒருவர் எழுதியதை அவன் சான்றாகக் காட்டுவான். கார்ட்டர் அதை மறுத்தார் என்று நான் சொல்வேன். அவன் கேட்கமாட்டான்.

என் கட்சி வேறு. ஒத்திகைக்கு இடமிருந்த வேலைகளில் அவர் தோற்கவில்லை. 1978 செப்டம்பரில் எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் கேம்ப் டேவிட்டில் 13 நாள் வைத்திருந்தார். வரைவுக்கு மேல் வரைவாகத் தானே உட்கார்ந்து திருத்தினார். கடைசி நாள் பெகின் மூட்டை கட்டிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்காக அவர் கேட்டிருந்த படங்களில், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனித்தனியே எழுதிக் கையெழுத்திட்டு, கார்ட்டர் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்த பெகினின் உதடு நடுங்கியது. அன்றே உடன்பாடு கையெழுத்தானது. 1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்து நாடே பதறியபோது, நான்கு நாள் கழித்து மனைவியோடு மஞ்சள் பாதுகாப்புக் காலுறை மாட்டிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குள் போய் நின்றார். சோக் ரிவரைப் பார்த்தவருக்கு அது புதிய இடமல்ல.

ஈரானில்தான் எல்லாம் சறுக்கியது. 1979 நவம்பரில் தெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்க 1980 ஏப்ரலில் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. குறைந்தது ஆறு வேண்டும். பாலைவனப் புழுதியும் இயந்திரக் கோளாறும் போக உருப்படியாக மிஞ்சியவை ஐந்து. திட்டம் கைவிடப்பட்டது. திரும்பும் வேளையில் ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள். முன்னாள் கடற்படைத் தளபதி ஹொலோவே தலைமையில் நடந்த விசாரணை கண்ட குறைகளில் ஒன்று, எல்லாப் பிரிவுகளையும் ஒருங்கே வைத்து முழு ஒத்திகை ஒருமுறைகூடப் பார்க்கப்படவில்லை என்பது. டென்னிஸ் திடலில் போல்ட் போல்ட்டாக ஒத்திகை பார்த்த மனிதரின் ஆட்சியில்! இதை ஆசிரியரிடம் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். 1980க்குள் நாங்கள் பள்ளியை விட்டுக் கலைந்துவிட்டோம். 2015இல் தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்த கூட்டத்தில், எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, இன்னொரு ஹெலிகாப்டர் அனுப்பியிருப்பேன் என்றார் கார்ட்டர்.

1980 ஜனாதிபதித் தேர்தலில் ரீகனிடம் படுதோல்வி. ஊர் திரும்பினால் கடலைக் கிட்டங்கி பத்து லட்சம் டாலருக்கு மேல் கடனில் இருந்தது. 1982இல் அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் கையிலெடுத்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது: நரம்புச் சிலந்தி எனப்படும் கினிப் புழு நோயின் ஒழிப்பு. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. குடிநீரைத் துணியால் வடிகட்டக் கற்றுக்கொடுப்பதும், புழு வெளியேறிக்கொண்டிருப்பவரைக் குளத்தில் இறங்காமல் தடுப்பதும்தான் வழி. 1986இல் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேரைப் பிடித்த நோய் 2023இல் 14 பேரிடம் மட்டும் காணப்பட்டது. கிராமம் கிராமமாக, ஒவ்வொரு நோயாளியாகக் கணக்கெடுத்துச் செய்த வேலை இது. எல்லாவற்றையும் தானே சரிபார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கேடாகவில்லை என்றேன். மருத்துவன் இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

2002இல் நோபல் சமாதானப் பரிசு பெற்று ஆற்றிய உரையிலும் மிஸ் ஜூலியா கோல்மன் வந்தார், அதே கருத்தோடு. 2005இல் கார்ட்டரின் பெயர் தாங்கிய நீர்மூழ்கி ஒன்று கடற்படைப் பணியில் சேர்ந்தது. 2024 டிசம்பர் 29ஆம் தேதி நூறு வயதில் காலமானார்.

அட்லாண்டாவில் குடியேறிய நம் வகுப்புத் தோழன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளெயின்ஸ் தேவாலயத்துக்குப் போயிருந்தான். கார்ட்டர் அங்கே வேதாகம வகுப்பு எடுப்பார். இடம் பிடிக்க விடியுமுன்னே போய் நிற்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் வந்தவர்களோடு அவரும் மனைவியும் படம் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் நின்று பேசக் கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்கள். 1977இல் எங்கள் வகுப்பில் மேசையைத் தட்டியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வரிசையில் நின்ற நேரமெல்லாம் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தானாம். அவன் முறை வந்தது; வாயைத் திறக்குமுன் அடுத்த குடும்பம் வந்து நின்றுவிட்டது. படம் தன்னிடம் இருக்கிறது, மலருக்கு அனுப்புகிறேன் என்றான். இன்னும் அனுப்பவில்லை. ஆசிரியர் இருந்திருந்தால் அவனுக்கு வீட்டுப்பாடம் செய்யாதவனுக்குரிய தண்டனைதான்.