கப்பல் திரும்பல்ல அம்மம்மா

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறும்போது என்னிடம் இருந்தது சிநேகிதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு அறிவித்தல் மட்டும்தான். மட்டக்களப்பில் ஒரு கல்லூரி மண்டபத்தில் சனிக்கிழமை காலை வரலாற்று விரிவுரைகள், பின்னேரம் மாணவர்களின் ‘வாழும் வரலாறு’ நிகழ்த்துகை, எவரும் வரலாம், மதியச் சாப்பாடு உண்டு. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் நான் டிக்கெட் எடுத்தேன் என்று அவள் இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள். முழுப் பொய்யும் அல்ல.

மாகோவில் கண்ணை மூடினவள் வாழைச்சேனை கிட்டத்தான் முழித்தேன். ஏறாவூர் தாண்டியதும் விடிந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு அவள் ஸ்கூட்டியில் வந்து, கல்லடிப் பாலத்தால் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். இடியப்பம், மீன் சொதி, சம்பல். “யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்லாச் சாப்பிடு. பாயோட ஒட்டவெச்சிருவம் எண்டு பயப்பிடாத” என்றார் அவளுடைய அம்மா. வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்து ஊரிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் மட்டக்களப்பாரைப் பற்றிச் சொல்கிற கதை இவர்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது. ஐந்தாவது இடியப்பத்தில் எனக்கு அந்த மந்திரத்தின் செய்முறை விளங்கியது.

வாவியில் பாடுவதாகச் சொல்கிற மீனைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் மட்டக்களப்புக் கட்டுரையை முடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால்: நான் கேட்கவில்லை. மேலே செல்லுங்கள்.

மண்டபத்துக்கு நாங்கள் போனபோது ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்த கூட்டம் தொடங்கவில்லை. ஒலிவாங்கி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசை வழக்கம்போலக் காலி, பின்வரிசை வழக்கம்போல நிறைவு. நடுவில் நாலைந்து வயதான பெண்கள் மட்டும், கோயிலில் இடம் பிடித்தவர்கள் மாதிரிக் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னேரம் எல்லோரையும் ஒரு கலக்குக் கலக்கப் போகிறார் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கணினி, திரை எதுவும் இல்லை. கரும்பலகையில் 1602, 1628, 1638 என்று மூன்று ஆண்டுகளை மட்டும் எழுதிவிட்டு, சோக்கட்டியைக் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் வந்து இறங்கியது மட்டக்களப்புக் கரையில்தான். இங்கிருந்தே கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். கண்டிக்குக் கடல் வழியாக ஆள் வந்து போகிற வாசலை அடைத்துவிட வேண்டும் என்று போர்த்துக்கேயர் முதலில் திருகோணமலையிலும், 1628இல் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவிலும் கோட்டை போட்டார்கள். பத்தே வருடம். 1638 மே மாதம் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் சேர்ந்து வந்து அதைப் பிடித்தார்கள்.

“வீடு கட்டினவன் ஒருத்தன், பால் காய்ச்சினவன் இன்னொருத்தன். பிறகு கனகாலம் குடியிருந்தது கச்சேரி” என்று மாவட்டச் செயலகத்தைச் சொன்னார். சபை சிரித்தது. நாம் அதை ஒல்லாந்தர் கோட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டோம், கட்டினவன் பெயர் பேச்சிலேயே இல்லை என்று அவருக்கு ஒரு மனக்குறை. போர்த்துக்கேயருக்காக மனக்குறைப்படுகிற ஒரு தமிழரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் அவர் சொல்ல வந்தது அதுவல்ல என்று கொஞ்சம் பிந்தித்தான் எனக்கு விளங்கியது. கோட்டை போனாலும் அவர்களுடைய பேச்சு இங்கே தங்கிவிட்டது. ஐரோப்பியர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகள் சிலவற்றில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியை இன்றும் பேசுகிறார்கள். தச்சு வேலையும் கொல்லு வேலையும் தையலும் செய்து வந்த குடும்பங்கள். சபையில் இருந்த ஒரு பெரியவரை ஆசிரியர் எழும்பச் சொன்னார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே அந்த மொழியில் இரண்டு வாக்கியம் பேசினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, “பசிக்குது, சோறு எப்ப எண்டு கேட்டன்” என்றார். நானூறு வருட வரலாறு வந்து நின்ற இடம் என் மனதுக்கு மிகவும் நெருக்கமான இடம்.

அடுத்த விரிவுரை தாய்வழியாக வருகிற குடிமுறை பற்றியது. விஷயம் நல்லது. ஆனால் பேசியவர் திரையில் காட்டிய எழுத்து எறும்பளவு, வரிசையும் எறும்பு வரிசை. நான் எழும்பி வெளியில் போய்த் தேத்தண்ணி குடித்தேன். சோறு, மீன் குழம்பு, சட்டித் தயிர் பற்றி எழுதினால் சிநேகிதி சொல்வது உண்மையாகிவிடும்.

பின்னேரம்தான் நான் வந்த காரியம். வாழும் வரலாறு என்றால் என்ன என்று பொறுப்பாசிரியர் இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்தினார். அமெரிக்காவில் வில்லியம்ஸ்பேர்க் என்ற பழைய நகரில் பதினெட்டாம் நூற்றாண்டு உடுப்போடு ஆட்கள் நடமாடுவார்கள். கொல்லனிடம் போய்க் கேட்டால் கொல்லனாகவே பதில் சொல்வான். நாடகத்தில் பார்வையாளர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், இதில் கேள்வி கேட்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, “பாண்டிருப்புக்கு வந்து பாத்தா இவங்க என்னத்தைச் சொல்லுவாங்க” என்றார். கல்முனைக்குப் பக்கத்தில், அம்பாறை மாவட்டத்துப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் உற்சவம். பாண்டவர்கள் ஊர்த் தெருவிலேயே வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவநிலை ஏறுவான், கடைசியில் தீமிதிப்பு. அங்கே பாரதத்தைப் பார்க்க வந்தவர்கள் யார், பாரதத்துக்குள் இருப்பவர்கள் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் நிகழ்த்துகை ஸ்பில்பேர்கன் வந்து இறங்கியது. அதை மட்டக்களப்புக் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடியில் ஆடினார்கள்! ஒல்லாந்தக் கப்பல்காரனுக்குக் கூடைபோல விரிந்த கரப்புடுப்பு, கிரீடம், காலில் சதங்கை. மேடையில் வேண்டாம், கூத்தாடுகிற களரி வட்டமாக இருக்க வேண்டும் என்று கூத்துப் பழக்கிய அண்ணாவியார் பிடிவாதம் பிடித்ததால் எல்லோரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தோம். விடியவிடிய ஆடின கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் வித்தியானந்தன். அறுபதுகளில் அவர் தயாரித்த ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர் இந்த மண்ணின் மௌனகுரு. அண்ணாவியாருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் வேண்டாம் என்றார்.

மத்தளம் அடி விழுந்தது. சல்லரித் தாளம் சேர்ந்தது. கட்டியகாரன் முன்னறிவித்தல் சொல்லி ஒதுங்க, ஸ்பில்பேர்கன் வரவு ஆடி வந்தான். முதல் ஒரு நிமிடம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூத்தில் பாத்திரம் தன்னைத் தானே, ‘வந்தானே’ என்று படர்க்கையில் பாடிக்கொண்டு வரும். ஒல்லாந்துத் துரை வந்தானே என்று பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க, அந்தப் பெடியன் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி, கால் மாற்றி, ஒரு இடத்தில் பட்டென்று கிறுகி நின்றான். என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. இந்த ஊருக்கு யார் வந்தாலும், இராசனோ கப்பல்காரனோ, இப்படித்தான் வரவு ஆடி வர வேண்டும் போலும். அவன் உடுப்பில் வேர்வை வழிந்து தரையில் சொட்டியது. அவ்வளவு கிட்ட இருந்தேன்.

அடுத்து வந்தவன் தனியாள். கறுப்புக் கோட்டு, தோளில் இரண்டு விரல் அளவு அதிகம். “நான் வில்லியம் ஓல்ட்” என்று தொடங்கினான். மட்டக்களப்பில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த மிஷனரி. இன்றைய மத்திய கல்லூரி 1814ஐத் தன் தொடக்கமாகச் சொல்வது அவரால்தான். வாவிக்கரையில் சிலை இருக்கிறது. நான் பலமுறை கடந்து போயும் யார் என்று பார்த்ததில்லை. பெடியன் சுத்தமான செந்தமிழில், பாடமாக்கிய வேகத்தில் ஒப்புவித்தான். 1813 டிசம்பர் முடிவில் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறினோம். வழியில் என் மனைவி இறந்தாள். எங்களை அழைத்துவந்த தலைவர் தோமஸ் கோக் 1814 மே 3ஆம் திகதி கடலிலேயே இறந்தார். யூன் கடைசியில் காலியில் இறங்கினோம். யார் எந்த ஊர் என்று பிரித்தபோது எனக்கு மட்டக்களப்பு. அடுத்த வருடம் ஏப்ரல் 1ஆம் திகதி இங்கேயே கண்மூடினேன். ஒரு வருடம் நிறையவில்லை.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒரு மாணவி எத்தனை மொழி தெரியும் என்று கேட்டாள். இன்னொருவர் சம்பளம் கேட்டார், மட்டக்களப்பு ஆள்தான். எல்லாவற்றுக்கும் பெடியனிடம் பதில் இருந்தது. அப்போது நடுவரிசையிலிருந்து அந்த வயதான அம்மா, எழும்பாமலே, கைப்பையை மடியில் வைத்தபடி கேட்டார்:

“ஏன் மனே, பெஞ்சாதியக் கடல்ல போட்டுட்டு வந்தனீ. மறுகா ஏன் நீ திரும்பிப் போகல்ல?”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். பொறுப்பாசிரியரைப் பார்த்தான். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் மத்தளத்தை மடியில் வைத்திருந்தவர் அதன் வாரை விரலால் நெருடிய சத்தம் கூடக் கேட்டது. கோட்டின் கைநுனியை இழுத்து இழுத்து விட்டான். பிறகு, செந்தமிழை எல்லாம் விட்டுவிட்டு, அவன் வீட்டில் பேசுகிற பேச்சில் சொன்னான்:

“கப்பல் திரும்பல்ல அம்மம்மா.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நடுவிலே நிறுத்தினார்கள். அம்மா தலையை ஆட்டினார். “ஓம் மனே” என்றார், அவ்வளவுதான். காலையிலிருந்து கேட்ட ஆண்டுகள் எல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. அவன் சொன்ன அந்தப் பதிலை நான் எழுதிவைக்கவில்லை, எழுதத் தேவைப்படவும் இல்லை.

கடைசி நிகழ்த்துகை 1978 நவம்பர் 23, சூறாவளி. ஆறு பேர் ஓலையும் தகரத்தாளும் வைத்துக் காற்றைக் காட்டினார்கள். இங்கே நிகழ்ச்சி அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது, நல்ல விதமாகத்தான். ஸ்பில்பேர்கனைக் கண்டவர் சபையில் இல்லை. சூறாவளியைக் கண்டவர்கள் வரிசைக்கு இரண்டு பேர். “அப்பிடி இல்ல, முதல்ல ஒரு பக்கத்தால அடிச்சி, நடுவில நிண்டிச்சி, நாங்க முடிஞ்சிட்டுது எண்டு வெளிய வந்தம், மறுகா மத்தப் பக்கத்தால வந்திச்சி” என்று ஒருவர் எழும்பி நின்று கையால் காட்டினார். சூறாவளியின் கண் கடந்தால் அப்படித்தான், காற்றுத் திசை மாறும். இன்னொருவர் தென்னந்தோட்டம் தீக்குச்சிப் பெட்டி கொட்டினமாதிரிக் கிடந்ததைச் சொன்னார். மாணவர்கள் ஓலையைக் கீழே போட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். யார் நடிகர், யார் பார்வையாளர் என்று அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை. பாண்டிருப்புக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

நிகழ்ச்சி 1978உடன் நின்றது. அதற்குப் பின்னும் மட்டக்களப்பில் வருடங்கள் இருந்தன. யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஒன்றில் மட்டும் சபை முழுக்க ஒரே பாடம்.

இருட்டும் நேரம் வாசலில் கல்முனை பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றார்கள். ஓல்ட் பாதிரியார் கச்சான் சுருளோடு சைக்கிளில் சாய்ந்து நின்றார். கோட்டு மடித்துக் கரியரில் இருந்தது. அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாயா தம்பி என்று கேட்டேன்.

“இல்ல அக்கா. ரெண்டு மாசமா வருசத்தத்தான் பாடமாக்கின. இப்பிடிக் கேப்பாங்க எண்டு சேர் சொல்லல்ல.”

கொஞ்சம் கச்சான் என் கையில் கொட்டிவிட்டு, கோட்டை எடுத்து முதுகுப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேர்வை படிந்திருந்தது. கோட்டு மாமாவுடையதாம். நாளைக்கு அவர் கலியாண வீட்டுக்குப் போட்டுப் போக வேண்டுமாம். காய்வதற்குள் மழை வந்துவிடும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிளை மிதித்தான்.