பனிபடுநிலை: பரீட்சைக்கு முந்திய நாட்கள்

நவம்பர் 2

அம்மாவுக்கு இழுப்பு கூடிவிட்டது. நேற்று இரவு வார்டில் நிப்பாட்டிவிட்டார்கள். பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் போனேன். ஒரு பக்கமும் திறக்கவில்லை.

நவம்பர் 3

சார் ஈரப்பதன். மூன்று வருடத்துப் பல்தேர்வு செய்து பார்த்தேன், மூன்றிலும் அந்த வினா பிழை. வரைவிலக்கணம் தலைகீழாகத் தெரியும்: காற்றில் இருக்கும் நீராவியின் அமுக்கத்தை அதே வெப்பநிலையின் நிரம்பலாவியமுக்கத்தால், அதாவது காற்று இனி ஆவி கொள்ளாத அளவுக்கு நிரம்பியபோது அந்த ஆவிக்கு இருக்கும் அமுக்கத்தால், பிரித்து நூறால் பெருக்க வேண்டும். ஆனால் அறையைச் சூடாக்கினால் எது மாறும், எது மாறாது என்று கேட்டவுடன் கை நின்றுவிடுகிறது. 50 வினாவுக்கு 2 மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. இதிலேயே நின்றால் மற்றதெல்லாம் போய்விடும்.

நவம்பர் 4

விடியற்காலை பஸ்ஸில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு. வளைவுக்கு வளைவு தோளால் ஜன்னலில் இடித்துக்கொண்டே வட்ட இயக்கம் மீட்டினேன். உராய்வை நம்பாமல் திரும்ப வேண்டுமென்றால், கதியின் வர்க்கத்தை ஆரையாலும் ஈர்ப்பு ஆர்முடுகலாலும் பிரித்தால் வருவது சாய்வுக்கோணத்தின் தாஞ்சன். ஆரை 20 மீற்றர், கதி செக்கனுக்கு 10 மீற்றர் என்றால் பாதை ஏறக்குறைய 27 பாகை சாய்ந்திருக்க வேண்டும். கதியைப் பாதியாக்கினால் 7 பாகை போதும். திணிவு எங்கேயுமே வரவில்லை. பஸ் நிரம்பி வழிந்தாலும் வெறுமையாக வந்தாலும் கோணம் ஒன்றுதான். இது எனக்கு எப்போதுமே பிடித்த விடயம்.

அம்மாவின் முகத்தில் மருந்துப் புகைக் கவசம். சின்னக் கிண்ணத்துக்குள் ஒடுங்கிய துளையால் காற்று பாய்கிறது. கதி கூடும் இடத்தில் அமுக்கம் குறைகிறது, மருந்து மேலேறிப் பொடித்துளியாக உடைகிறது. பேர்ணூலி தத்துவம். அம்மாவிடம் சொன்னேன். கண்ணால் சிரித்தார்.

நவம்பர் 5

மழை. படிக்கவில்லை.

நவம்பர் 6

பருப்பு வேக நேரமாகிறது என்று தங்கச்சி அழாத குறை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நிரம்பலாவியமுக்கம் வெளி வளியமுக்கத்துக்குச் சமனாகும் வெப்பநிலையில்தான் நீர் கொதிக்கும். மேலே போகப் போக வளியமுக்கம் குறைவு. நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் அதைத் தாண்டாது. எங்கள் தோட்டத்து லய வீடு அதைவிடக் கொஞ்சம்தான் கீழே.

திரும்பவும் நிரம்பலாவியமுக்கம். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

நவம்பர் 7

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து விடியவே வந்தார். கைகாலில் கொழுந்து வாசம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கொழுந்து வாட்டும் மாடியில் இரவெல்லாம் என்ன செய்தீர்கள் என்று சும்மா கேட்டேன்.

“வெளியில ஒரே பனிமூட்டம் புள்ள. அந்தக் காத்த அப்படியே விட்டா கொழுந்து வாடாது. கொஞ்சம் சூடுபண்ணித்தான் விடணும். கூடச் சுட்டாலும் கெட்டுப்போகும்.”

இரண்டு வெப்பமானி இருக்கிறதாம், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்குமாம். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துப் பார்த்துத்தான் விசிறியையும் சூட்டையும் கூட்டிக் குறைப்பார்களாம். வித்தியாசமே இல்லையென்றால் காற்றுக்கு இனிக் குடிக்க இடமில்லை என்று அர்த்தம். இத்தனை வருடமாக இது எங்கள் வீட்டுச் சோறு. நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா தூங்கப் போனதும் கணக்காக எழுதினேன். காற்று 20 பாகை, பனிபடுநிலை, அதாவது காற்று குளிரும்போது ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 15 பாகை. நிரம்பலாவியமுக்கம் 20 பாகையில் பாதரசம் 17.5 மில்லிமீற்றர், 15 பாகையில் 12.8. காற்றில் இருக்கும் ஆவியின் அமுக்கமும் இந்த 12.8தான். ஆகவே சார் ஈரப்பதன் 73 வீதம். இதே காற்றை 30 பாகைக்குச் சூடாக்குவோம். அங்கே நிரம்பலாவியமுக்கம் 31.8. ஆனால் நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே 12.8தான். இப்போது 40 வீதம். ஒரு துளி நீரையும் எடுக்காமலே காற்று உலர்ந்துவிட்டது! பனிபடுநிலை அதே 15. வெளியோடு திறந்திருக்கும் அறை என்றால் அது அசையாது. மூன்று வருடமும் நான் “குறையும்” என்று போட்டிருந்தேன்.

இஸ்தோப்பில் நின்று கொஞ்ச நேரம் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு வீதம்.

நவம்பர் 8

அம்மா ஒக்சிசன் இல்லாமல் தூங்கினார்.

நவம்பர் 9

நாளை துண்டு வெட்டி அம்மாவை வீட்டுக்கு அனுப்பலாமாம். ஆனால் ஈரமான அறையில் படுக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பின்னறைச் சுவர் கருங்கல். மறுபக்கம் மண்மேடு. இரவில் அதன் வெப்பநிலை பனிபடுநிலைக்குக் கீழே இறங்கிவிடும். அதனால்தான் வியர்க்கிறது, அதனால்தான் பூஞ்சணம். இதை இவ்வளவு தெளிவாக இப்போது சொல்ல முடிகிறதே, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அடுப்பை மூட்டினால் சார் ஈரப்பதன் இறங்கும், ஆனால் விறகுப் புகை அம்மாவுக்கு ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறந்தால் மூட்டம் உள்ளே வரும். மூடினால் நாங்கள் நாலு பேரும் விடும் மூச்சின் ஆவி முழுக்க அந்தச் சுவரில்தான் போய் ஒடுங்கும்.

பகலில் வெயில் எட்டிப் பார்த்த ஒரு மணித்தியாலம் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தேன். ஈரத்துணி காயும் கொடியை முன்பக்கம் மாற்றினேன். தங்கச்சியும் நானும் கட்டிலை முன்னறைக்கு இழுத்தோம், அங்கே சுவர் பலகை.

அகத்தடை, மாற்றி, முழுவுட்டெறிப்பு இன்னும் மீட்டவில்லை.

நவம்பர் 10

அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை எடுத்து வைத்தாயிற்று. முன்னறைச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது. அப்பா அம்மாவைக் கூட்டிவரப் போய்விட்டார். கீழே பஸ் சத்தம் கேட்கிறது, அது