அரபி படிக்கப் போறியளா, தமிழ்ல இருந்து நேரா போங்க

நம்ம பக்கத்து ஆளுங்க அரபி படிக்கணும்னு நெனச்சா இங்கிலீஷ் வழியா போகாதீங்க, இதத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுது. யூடியூப்ல பாத்தாலும் சரி, ஆப் எறக்குனாலும் சரி, பாடம் முக்காவாசி இங்கிலீஷ்லதான் இருக்கு, அதுல ஆரம்பத்துலயே அரபில 'இஸ்' கிடையாது, 'ஹேவ்' கிடையாது, கவனமா இருங்கன்னு பெரிய கஷ்டம் மாதிரி வெளக்குவாங்க. தமிழ்லயும் அது கிடையாதே! நான் நர்ஸ்னு சொல்ல நமக்கு ரெண்டே வார்த்தை, அரபிலயும் ரெண்டே வார்த்தை, 'அனா முமர்ரிளா', முடிஞ்சுது. எனக்கு சுகர் இருக்குன்னு சொல்லணுமா, 'இந்தி சுக்கர்'. 'இந்த்'னா கிட்ட, கடைசில வர்ற 'ஈ'னா என், அப்போ என்கிட்ட சுகர், அவ்வளவுதான். இத நான் இங்கிலீஷ்ல யோசிச்சு அதுல இருந்து ரெண்டு வார்த்தைய கழிச்சு அப்புறம் அரபிக்கு போகணும்னு என்ன தலையெழுத்து?

நான் பாளையங்கோட்டைல நர்ஸா இருக்கேன், குவைத்துக்கு போக பேப்பரெல்லாம் குடுத்திருக்கேன். வேலைக்கான பரிட்சை இங்கிலீஷ்லதான், சரி, ஆனா அங்கன வார்டுல படுத்திருக்க வயசான அம்மாவுக்கு வலி எங்கன்னு கேக்கணும்ல, அவிய நம்மகிட்ட இங்கிலீஷ்லயா பேசுவாவ. அதனால சாயங்காலம் டூட்டி முடிஞ்சா மேலப்பாளையத்துல ஒரு லாத்தா (முஸ்லிம் வீடுகள்ல அக்காவ அப்படித்தான் கூப்புடுவாவ) வீட்டுக்கு போறேன். லாத்தா ஆலிமா, அதாவது மார்க்கப் படிப்பு, படிச்சவிய, அவிய வீட்டுக்காரர் ரொம்ப வருசம் குவைத்ல கடைல வேலை பாத்துட்டு வந்தவர். கிதாபுல, அதான் புத்தகத்துல, உள்ள அரபி லாத்தாகிட்ட, தெருவுல பேசுற அரபி அவிய வீட்டுக்கார அண்ணன்கிட்ட. ரெண்டும் ஒரே வீட்டுல கெடைச்சது எனக்கு பெரிய கொடுப்பினை.

முதல்ல சத்தத்த பத்தி சொல்லுதேன். அரபில குறில் நெடில் மாறுனா அர்த்தம் மாறும், எழுத்து இரட்டிச்சாலும் மாறும். படு, பாடு, பட்டுன்னு மூணையும் வேற வேறயா கேட்டு வளந்த காது நம்ம காது, இதுக்கு தனியா பயிற்சியே வேண்டாம். 'தரஸ'ன்னா படிச்சான், 'தர்ரஸ'ன்னா படிச்சுக் குடுத்தான். 'ஹமாம்'னா புறா, 'ஹம்மாம்'னா பாத்ரூம். பேஷண்ட் எதுக்கு எந்திரிக்காவன்னு தெரியணும்ல, அதனால எனக்கு இது முக்கியமான வார்த்தை. குளிக்கிற ஹமாம் சோப்புக்கு பேர் வந்ததும் இந்த 'ஹம்மாம்'ல இருந்துதான்.

அடுத்து எனக்கு ரொம்ப பிடிச்சது புணர்ச்சி. பள்ளிக்கூடத்துல பல் கூட நூல் சேந்தா பன்னூல்னு படிச்சோம்ல, 'ல்' போய் 'ன்' வரும்னு. அரபில 'அல்'னு ஒண்ணு பேர்ச்சொல்லுக்கு முன்னாடி ஒட்டும், பின்னாடி வர்ற எழுத்து நாக்கு நுனில பொறக்குற எழுத்தா இருந்தா அந்த 'ல்' அதுவாவே மாறிரும். அல் கூட நூர் சேந்தா 'அன்னூர்'. காலைல ஒருத்தர் 'ஸபாஹுல் கைர்'னு சொன்னா நாம திருப்பிச் சொல்ல வேண்டியது 'ஸபாஹுன் நூர்', முதல்ல சொன்னதுல ல் இருக்கு, பதில்ல ன் ஆயிட்டு பாருங்க. இருக்குற 28 எழுத்துல 14 எழுத்து இப்படி மாத்தும், அதுக்கு சூரிய எழுத்துன்னு பேரு, மத்த 14 சந்திர எழுத்து, அதுல 'ல்' அப்படியே நிக்கும். நம்ம ஊர்ல நூருத்தீன், ஷம்சுத்தீன், அப்துர் ரஹ்மான்னு எத்தன பேர கூப்புட்டுருப்போம், அதுக்குள்ள எல்லாம் இந்த 'அல்' ஒளிஞ்சிருக்கு. இத லாத்தா சொன்னப்போ நன்னூல் நடத்துன தமிழ் டீச்சர் முகம்தான் நெஞ்சுல வந்துச்சு.

சொந்தக்கார முறை இன்னும் நெருக்கம். இங்கிலீஷ்காரனுக்கு எல்லாரும் அங்கிள் ஆண்ட்டிதான். அரபில அப்பாகூட பொறந்தவர் 'அம்ம்', அம்மாகூட பொறந்தவர் 'கால்', அப்பாகூட பொறந்தவ 'அம்மா' (தொண்டைக்குள்ள இருந்து வரணும் அந்த 'அ', சாதாரண 'அ' இல்ல), அம்மாகூட பொறந்தவ 'காலா'. அதாவது சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி, நாலும் தனித்தனி. பெத்தவள சொல்ல 'உம்ம்'னு வேற சொல் இருக்கு. பிள்ளை பேரச் சொல்லி தாய கூப்புடுற பழக்கமும் அங்க இருக்கு, மூத்த பையன் பேர் ஹமத்னா அவிய 'உம்மு ஹமத்'. நம்ம தெருவுல முருகன் அம்மா, செல்வி அம்மான்னு கூப்புடுறது இல்லையா. வார்டுல வயசானவிய பேர சொல்லிக் கூப்புடாம 'யா காலா', 'யா அம்மீ'ன்னு கூப்புட்டா மரியாதையா இருக்கும்னு அண்ணன் சொன்னாவ. மரியாதைக்கு நாம 'நீங்க'ங்கோம், அங்க தினப்படி பேச்சுல அப்படி ஒண்ணு கெடையாது, ஆம்பளைன்னா 'இந்த', பொம்பளைன்னா 'இந்தி' (மேல 'என்கிட்ட'ன்னு சொன்ன 'இந்தி' வேற, தமிழ்ல எழுதுனா ஒரே மாதிரி தெரியுது), அதனால மரியாதை முழுக்க இந்த முறை வார்த்தைலதான் நிக்குது.

இந்த ஆண் பெண் சமாச்சாரந்தான் தமிழ் நமக்கு கை குடுக்காத எடம். தமிழ்ல உயிர் இல்லாத சாமானுக்கு ஆண் பெண் கெடையாது, அரபில எல்லாத்துக்கும் உண்டு, சூரியன் பெண், சந்திரன் ஆண். உடம்புல பொதுவா ஜோடியா இருக்குறதெல்லாம் பெண், கண்ணு (ஐன்), கை (யத்), காலு (ரிஜ்ல்). தல (ரஃஸ்), வயிறு (பத்ன்), இருதயம் (கல்ப்) எல்லாம் ஆண். முன்னாடி இருக்க ஆள் ஆம்பளையா பொம்பளையாங்குறத வெச்சு கேள்வியே மாறும். எப்படி இருக்கீங்கன்னு வளைகுடா பேச்சுல ஆம்பளைகிட்ட கேக்குறது 'ஷ்லோனக்', பொம்பளைகிட்ட 'ஷ்லோனிச்'. நான் போறது பெரும்பாலும் பெண்கள் வார்டுதான்னு நெனைக்கேன், அதனால 'இச்'ச முதல்ல வாய்ல பழக்கிக்கிடுதேன், 'வேன் யிஅவ்ரிச்', எங்க வலிக்குன்னு.

தமிழ் எழுத்துல எழுதி வெச்சுப் படிக்கிறதும் கொஞ்ச நாளைக்குத்தான் ஓடும். மேல 'கல்ப்'னு எழுதிருக்கேன் பாருங்க, அதுல முதல் எழுத்து தொண்டைக்குள்ள இருந்து வர்ற 'க'வா இருந்தா இருதயம், சாதாரண 'க'வா இருந்தா நாய். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. குவைத்ல பேச்சுல இருதயத்த நம்ம 'அங்கே'ல வர்ற க மாதிரி சொல்லுவாவளாம், நாய 'சல்ப்'பாம், அதனால பேசையில குழப்பம் வராது, ஆனா எழுத்துல வரும். அதனால 28 எழுத்தையும் மொதல்லயே கத்துக்கிடுங்க, பயப்படாதீங்க, தமிழ்ல 247 எழுதுன கை இது. லாத்தா வீட்டுல அவிய உம்மாவோட உம்மா வெச்சிருந்த ஒரு பழைய கிதாபு இருக்கு, அரபுத்தமிழ்ல எழுதுனது, எழுத்து அரபி, வலதுல இருந்து இடது, வாசிச்சா வர்றது தமிழ்! அரபில இல்லாத ப, ட, ஞ மாதிரி எழுத்துக்கெல்லாம் இருக்குற எழுத்துலயே கூட புள்ளி வெச்சு புதுசா உண்டாக்கிருக்காவ. காயல்பட்டினம், கீழக்கரை பக்கமெல்லாம் இது எவ்வளவோ காலமா இருந்த வழக்கம். ரமளான்னு 'ள' போட்டு எழுதுறோமே, அரபில உள்ள அந்த கனமான எழுத்துக்கு தமிழ்ல பக்கத்துல எது வருதுன்னு அந்த காலத்து ஆளுங்க காது குடுத்து கேட்டு வெச்சது. நான் மேல முமர்ரிளான்னு எழுதுனதும் அதே 'ள'தான்.

ஹ ரெண்டு இருக்கு. ஒண்ணு நம்ம ஹ. இன்னொண்ணு கண்ணாடி துடைக்கையில வாய் வெச்சு ஊதுவோம்ல, அந்த மாதிரி தொண்டைய இறுக்கிட்டு வரும். பைய பழகும், அவசரம் இல்ல.

வார்த்தைய தனித்தனியா மனப்பாடம் பண்ணாம வேர புடிச்சு படிக்கணும்னு லாத்தா ஒத்தக்கால்ல நிக்காவ, எனக்கும் அதுதான் சரின்னு படுது. ம, ர, ள மூணு எழுத்து, 'மரள்'னா நோய், 'மரீள்'னா நோயாளி, 'முமர்ரிளா'ன்னா நோயாளிய பாத்துக்கிடுறவ, நர்ஸ். ஷிஃபான்னு பேர் வெச்ச மெடிக்கல் ஷாப்ப எத்தனையோ ஊர்ல பாத்திருப்பீங்க, ஷிஃபான்னா குணம், அதே வேர்ல இருந்து 'முஸ்தஷ்ஃபா', குணம் தேடிப் போற எடம், ஆஸ்பத்திரி.

எண்ணிக்கை பாடம் நாங்க மாத்திரை அட்டைய வெச்சுத்தான் படிச்சோம். லாத்தா ஒரு மாத்திரைய தொட்டு 'ஹப்பா', ரெண்ட தொட்டு 'ஹப்பதைன்', மூண தொட்டு 'தலாத் ஹப்பாத்'னாவ. ஏட்டி, ரெண்டுக்கு நம்பரே சொல்லலையே கவனிச்சியான்னு கேட்டாவ. ஆமா, ரெண்டுக்கு மட்டும் 'ஐன்'னு ஒரு வால் ஒட்டிரும், நம்பர் தேவையில்ல. ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவுல இருமைன்னு ஒண்ணு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவன்னு சொல்ல 'மர்ரதைன் ஃபில் யௌம்', சாப்பாட்டுக்கு முன்ன 'கப்லல் அக்ல்', பின்ன 'பஃதல் அக்ல்'. மூணுல இருந்து பத்து வரைக்கும் பன்மை, பதினொண்ணுல இருந்து தொண்ணூத்தொம்போது வரைக்கும் திரும்ப ஒருமைக்கு வந்துரும், நாம இருவது மாத்திரை வாங்கிட்டு வான்னு சொல்லுத மாதிரியே.

பெயரடை மட்டும் தலைகீழ். மருந்து கசப்புன்னு சொல்ல 'அத்தவா முர்ர்', ரெண்டும் ஒரே வரிசை, அழகு. கசப்பு மருந்துன்னா நமக்கு கசப்பு முன்னாடி வரும், அவங்களுக்கு அப்பவும் பின்னாடிதான், ஆனா கசப்புக்கும் ஒரு 'அல்' போடணும், 'அத்தவாஉல் முர்ர்'. ஒரு சின்ன 'அல்' வாக்கியத்தையே மாத்திருது, இத நல்லா உக்காந்து பழகுங்க.

பழக்க வழக்கம் தெரியாம பாஷை மட்டும் தெரிஞ்சு பிரயோசனம் இல்ல. பெண்கள் இருக்க ரூமுக்குள்ள தட்டி, குரல் குடுத்து, அவிய முக்காடு சரி பண்ணிக்கிட நேரம் விட்டுத்தான் போகணும். ஆம்பளை பேஷண்டோட சொந்தக்காரங்க கை நீட்டாம நாம நீட்டக் கூடாது. குடுக்குறது வாங்குறது வலது கைல. கஹ்வா, அதான் அரபிக் காப்பி, குடுத்தா (குவைத்ல 'கஹ்வா'வுக்கும் அந்த 'அங்கே' க தான்) சின்ன கிண்ணத்துல கொஞ்சூண்டுதான் ஊத்துவாங்க, ஏலக்காய் வாசம் வரும், கூட பேரீச்சம்பழம், போதும்னா கிண்ணத்த லேசா ஆட்டிக் காட்டணும், இல்லன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்களாம். பேரீச்சைக்கு 'தமர்', நம்ம புளிக்கு 'தமர் ஹிந்தி', இந்தியா பேரீச்சை! நோயாளிய பாத்தா 'மா தஷூஃபீன் ஷர்'னு சொல்லுவாங்க, நீ ஒரு கெடுதலும் பாக்காம இருக்கணும்னு அர்த்தம், ஆம்பளைன்னா 'மா தஷூஃப் ஷர்'. ஊசி போட்டுட்டு நகருதப்போ இத ஒரு தடவ சொல்லிட்டு வரணும்னு மனசுல எழுதி வெச்சிருக்கேன்.

ஒரே வார்த்தை நாட்டுக்கு நாடு மாறும், அதுவும் கவனம். 'ஐஷ்'னா குவைத்ல சோறு, எகிப்துல ரொட்டி. குவைத் பேஷண்டும் எகிப்து டாக்டரும் ஒரே ரூம்ல இருந்தா சாப்பிட்டது என்னன்னு நாமதான் பாத்து எழுதணும்.

கடைசியா நம்பர், நர்ஸுங்க இதுல ரொம்ப உஷாரா இருக்கணும். அங்கத்த எழுத்துல அஞ்சு நம்ம சைபர் மாதிரி வட்டமா இருக்கும், சைபர் வெறும் புள்ளி, ஆறு பாக்க நம்ம ஏழு மாதிரி. எழுத்து வலதுல இருந்து போனாலும் நம்பர் இடதுல இருந்துதான் வாசிக்கணும். சொல்லும்போது பத்தாம் தானத்துக்கு முன்னாடி ஒண்ணாம் தானம் வரும், 125ன்னா 'மிய வ கம்ஸ வ இஷ்ரீன்', நூறும் அஞ்சும் இருவதும். 200க்கு அதே ரெண்டு வால், 'மியத்தைன்'. இருவதுல இருந்து தொண்ணூறு வரைக்கும் எட்டே சொல்லு, இஷ்ரீன், தலாத்தீன், அர்பஈன், கம்ஸீன், ஸித்தீன், ஸப்ஈன், தமானீன், திஸ்ஈன், எல்லாம் 'ஈன்'ல முடியுது, இத முதல்ல மனப்பாடம் பண்ணிருங்க. நான் வார்டுல பிபி பாக்கையில எல்லாம் வாய்க்குள்ள அரபில சொல்லிக்கிடுதேன், 130 'மிய வ தலாத்தீன்', 145 'மிய வ கம்ஸ வ அர்பஈன்'. நர்ஸ் இல்லாதவிய ஜங்ஷன்ல நின்னு போற வர்ற வண்டி நம்பர வாசிச்சுப் பாருங்க, நல்லா வரும்.